பேசேஜ் அமைப்புக் கேள்விகள்: ஜிஆர்இ எழுதுபவர்கள் அடிக்கடி கேட்பவை

வெளிநாட்டு மேற்படிப்புக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வில், வெர்பல் என்ற ஆங்கிலத் திறன் பகுதிக்குத் தயாராக வருபவர்கள் எல்லோரும் முதலில் கவலைப்படுவது அர்த்தம் தெரியாத சொற்களைப் பற்றித்தான். ஒரு மாதம் கழித்து மாதிரித் தேர்வு முடிவை வைத்துக்கொண்டு உட்காரும்போது கதை வேறாக இருக்கும். பேசேஜ், அதாவது படிக்கக் கொடுக்கும் உரைப்பகுதி, புரிந்தது, ஆப்ஷனும் புரிந்தது, ஆனாலும் விடை தப்பு. என்னிடம் படித்தவர்கள் அப்படித் தவறவிட்டவற்றில் நிறைய, பேசேஜின் அமைப்பைக் கேட்கும் கேள்விகள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். தேர்வு ஆங்கிலத்தில்தான் இருக்கும். கீழே வரும் மாதிரிகளை மட்டும் வசதிக்காகத் தமிழில் தந்திருக்கிறேன்.

அமைப்புக் கேள்வி என்று எதைச் சொல்கிறீர்கள்?

கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் நிற்கிறார். அவர் யார் என்று கேட்டால், "மாப்பிள்ளையின் சித்தப்பா". அவர் அங்கே என்ன செய்கிறார் என்று கேட்டால், "சாம்பார் பரிமாறுகிறார்". இரண்டாவது கேள்விக்கு "மாப்பிள்ளையின் சித்தப்பா" என்று பதில் எழுதினால், அது உண்மைதான், ஆனால் மார்க் கிடையாது.

பேசேஜிலும் அதே கதைதான். ஒரு வரி என்ன சொல்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த வரி அங்கே என்ன வேலை பார்க்கிறது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவதைத்தான் அமைப்புக் கேள்வி என்கிறேன். ‘ஃபங்ஷன்’, ‘ரோல்’, ‘ஆர்கனைசேஷன்’, ‘இன் ஆர்டர் டு’, ‘செர்வ்ஸ் டு’ மாதிரிச் சொற்கள் கேள்வியில் தென்பட்டால், வேலையைக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இவை எத்தனை வரும்?

பகுதி ஒன்றுக்கு இத்தனை என்ற கணக்கு கிடையாது. 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு வெர்பலில் மொத்தம் 27 கேள்விகள்: முதல் பகுதியில் 12, அதற்கு 18 நிமிடம், இரண்டாவதில் 15, அதற்கு 23 நிமிடம். இவற்றில் ஏறக்குறைய பாதி, பேசேஜைப் படித்துப் பதில் சொல்பவை. முதல் பகுதியை எப்படி எழுதினீர்கள் என்பதைப் பார்த்துத்தான் இரண்டாவது பகுதியின் கடினம் அமையும். அதனால் முதல் பகுதியில் ஒன்றிரண்டைச் சும்மா விட்டுவிடுவது நல்லதல்ல.

ஒரு மாதிரியை எடுத்து முழுசாகச் செய்து காட்ட முடியுமா?

சரி, இதைப் படியுங்கள்.

"1912இல் ஆல்ஃபிரெட் வெகனர், கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிறகு விலகிச் சென்றன என்றார். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. மீசோசாரஸ் என்ற ஊர்வனவின் புதைபடிவங்கள் இரு கண்டங்களிலும் கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலான புவியியலாளர்கள் இதை ஏற்கவில்லை. இவ்வளவு பெரிய நிலத்தை எந்த விசை நகர்த்தும் என்று கேட்டார்கள். வெகனர் சொன்ன விசைகள் அதற்குப் போதாதவை. 1960களில், நடுக்கடல் முகடுகளில் புதிய கடல்தரை உருவாகி இருபுறமும் விரிகிறது என்று தெரியவந்த பிறகே அவர் கருத்துக்கு மதிப்பு வந்தது. அப்போதும், அவர் நினைத்ததுபோல் கண்டங்கள் கடல்தரையைக் கிழித்துக்கொண்டு நகரவில்லை. புவித்தட்டுகளின் பகுதியாக நகர்கின்றன என்றே ஏற்கப்பட்டது."

படித்து முடித்ததும் மீசோசாரஸை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வினைச்சொல் போதும்: சொல்கிறார், ஆதாரம் தருகிறார், மறுக்கிறார்கள், மறுப்பில் நியாயம் இருக்கிறது, பிறகு ஏற்கிறார்கள், ஆனால் திருத்தத்தோடு. இந்த ஆறும்தான் பேசேஜின் எலும்புக்கூடு.

இப்போது கேள்வி: பேசேஜ் எப்படி அமைந்திருக்கிறது?

அ. ஒரு கொள்கை முன்வைக்கப்படுகிறது, அதன் ஆதாரங்கள் பொய் என்று காட்டப்படுகின்றன, மாற்றுக் கொள்கை வருகிறது.
ஆ. ஒரு கொள்கையும் அதன் ஆதாரமும் வருகின்றன, அது ஏற்கப்படாத காரணம் வருகிறது, பிறகு அது மாறிய வடிவில் ஏற்கப்பட்டது சொல்லப்படுகிறது.
இ. போட்டியிடும் இரண்டு கொள்கைகள் ஒப்பிடப்பட்டு, ஒன்று தேர்ந்தெடுக்கப்படுகிறது.
ஈ. ஒரு கண்டுபிடிப்பு விவரிக்கப்படுகிறது, அதைப் புறக்கணித்த அறிஞர்களின் பிடிவாதம் கண்டிக்கப்படுகிறது.
உ. ஒரு புதிர் எழுப்பப்படுகிறது, அதற்கான விடைகள் எல்லாம் நிராகரிக்கப்படுகின்றன.

விடை ஆ. அது எப்படிச் சரி என்பதைவிட மற்றவை எப்படி ஏமாற்றுகின்றன என்பதுதான் சுவாரஸ்யம். ‘அ’வில் முதல் பாதி சரி. நடுவில்தான் கோளாறு. ஆதாரங்கள் பொய் என்று யாரும் சொல்லவில்லை, விசையைத்தான் கேட்டார்கள். ‘ஈ’ நம் மனதை அறிந்து வைத்த கண்ணி. காலம் கடந்து மதிக்கப்பட்ட மேதை என்றால் நமக்கு உடனே கோபம் வந்துவிடும், அவரை மறுத்தவர்கள் எல்லாம் வில்லன்கள் ஆகிவிடுவார்கள். ஆனால் அந்த விசைகள் போதாதவை என்று எழுதியவரே சொல்கிறாரே! அவர் யாரையும் கண்டிக்கவில்லை.

அடுத்த கேள்வி: மீசோசாரஸை எதற்குச் சொன்னார்? "அந்த ஊர்வன இரு கண்டங்களிலும் வாழ்ந்தது என்று காட்ட" என்ற ஆப்ஷன் நிச்சயம் இருக்கும். அதுதான் மாப்பிள்ளையின் சித்தப்பா. "கண்டங்கள் முன்பு இணைந்திருந்தன என்ற கருத்துக்கு ஆதாரமாக" என்பது சாம்பார் வாளி.

இன்னொன்று: "வெகனர் சொன்ன விசைகள் அதற்குப் போதாதவை" என்ற வரியின் வேலை என்ன? "வெகனரின் கொள்கை தவறு என்று நிறுவுவது" என்பதில் பலர் விழுவார்கள். பேசேஜ் அந்தக் கொள்கை கடைசியில் ஏற்கப்பட்டது என்கிறது. அப்படியானால் இந்த வரி நிறுவுவது என்ன? புவியியலாளர்களின் தயக்கம் வெறும் அடம் இல்லை என்பதை மட்டும். ஒரு வரியின் வேலை அடுத்த வரியைப் பார்த்த பிறகுதான் தெளிவாகும். எனவே சுட்டப்பட்ட வரியோடு முன்னும் பின்னும் ஒரு வரி படிக்காமல் விடையைத் தொடாதீர்கள்.

ஆப்ஷன் ஐந்தும் ஒரே மாதிரி இருக்கிறதே, எப்படிக் கழிப்பது?

வினைச்சொல்லை மட்டும் முதலில் பாருங்கள். விளக்குகிறதா, மறுக்கிறதா, ஆதரிக்கிறதா, வரம்பு போடுகிறதா. ஐந்தில் இரண்டு மூன்று இதிலேயே விழுந்துவிடும். மீதியில், கடைசிப் பாதியை முதலில் படியுங்கள். முதல் பாதியைச் சரியாகவும் பின்பாதியைத் தப்பாகவும் வைப்பது கேள்வி தயாரிப்பவர்களின் பழைய பழக்கம். நாமோ முதல் பாதி பொருந்தியதும் தலையாட்டிவிடுகிறோம்.

அந்த ஆங்கில வினைச்சொற்களே குழப்புகின்றன.

உண்மைதான். அதிகம் காலை வாருவது ‘குவாலிஃபை’. நமக்கு அது தகுதி பெறுவது, தேறுவது, பைனலுக்குப் போவது. இங்கே அதன் பொருள் வேறு: சொன்ன கருத்தை முழுதாக விட்டுவிடாமல் "இந்த அளவுக்குத்தான்" என்று வரம்பு போடுவது. வெகனர் பேசேஜின் கடைசி இரண்டு வாக்கியங்கள் செய்வது அதைத்தான்.

‘ஆர்க்யூமென்ட்’ என்றால் சண்டை இல்லை, காரணம் காட்டி ஒரு முடிவுக்கு வருவது. ‘அண்டர்ஸ்கோர்’ அழுத்திச் சொல்வது. ‘அண்டர்மைன்’ அடியில் குழி தோண்டுவது. அவசரத்தில் இந்த இரண்டையும் மாற்றிப் படித்து எனக்கே விடை போயிருக்கிறது, அதுவும் மாணவர்கள் முன்னால். ‘கன்சீட்’ என்றால் எதிர்த்தரப்பின் ஒரு புள்ளியை ஒப்புக்கொள்வது. ‘ரிகன்சைல்’ முரண்படுவதுபோல் தெரிகிற இரண்டைப் பொருத்திக் காட்டுவது. ஆயிரம் சொல் மனப்பாடம் செய்வதற்கு முன்னால் இப்படி ஒரு இருபது வினைச்சொற்களைச் சரியாகத் தெரிந்துகொண்டால், பலன் உடனே தெரியும்.

‘ஹவெவர்’, ‘பட்’ வந்தால் அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம் என்கிறார்களே?

பெரும்பாலும் சரி. ஆனால் நம் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, அதைப் பயிற்சி நூல்கள் சொல்வதில்லை.

தமிழில் வாக்கியத்தின் பாரம் கடைசியில் இறங்குகிறது. "மழை பெய்தாலும் ஆட்டம் நடந்தது." விட்டுக்கொடுக்கும் பகுதி முன்னால், முக்கியமான வினை முடிவில். பிறந்ததிலிருந்து இப்படிக் கேட்டே பழகியதால், கடைசியில் வருவதே எழுதியவரின் கருத்து என்று நம் காது தீர்மானித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் "ஆட்டம் நடந்தது" என்று முதலில் சொல்லிவிட்டு, ‘ஆல்தோ’ போட்டு மழையைக் கடைசியில் தொங்கவிடலாம். அங்கே கடைசியில் நிற்கும் மழை வெறும் சலுகை. ஆட்டம் நடந்ததுதான் செய்தி. நம் மாணவர் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, எழுதியவர் மழையைப் பற்றிக் குறைபடுகிறார் என்று விடை போடுவார்.

அதனால் ‘ஆல்தோ’, ‘தோ’, ‘டெஸ்பைட்’, ‘வைல்’ எங்கே வந்தாலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும் பாதிதான் சின்னப் பாதி. அது முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் அப்படித்தான். ‘பட்’, ‘யெட்’, ‘ஹவெவர்’ இதற்கு நேர் எதிர், அவற்றைத் தொடர்ந்து வருவது பெரிய பாதி. ஒரு சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் ‘ஆலும்’ போட்டு மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். எது ‘ஆலும்’ வாங்குகிறதோ அது சலுகை.

எழுதியவர் கருத்தையும் அவர் குறிப்பிடும் மற்றவர்கள் கருத்தையும் எப்படிப் பிரிப்பது?

பட்டிமன்றம் பார்த்திருப்பீர்கள். பேச்சாளர் எழுந்ததும், "எதிரணி நண்பர் அழகாகச் சொன்னார், பணம் இருந்தால்தான் நிம்மதி என்று" எனத் தொடங்குவார். அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டிக் கேட்டால் அவர் பணத்தின் கட்சி. மூன்றாவது நிமிடத்தில்தான் "நடுவர் அவர்களே, நான் கேட்கிறேன்" என்று திருப்புவார். ஜிஆர்இ பேசேஜும் அடிக்கடி இப்படித்தான் தொடங்கும்: "பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்", "நீண்ட காலமாக நம்பப்பட்டது". இப்படி ஒரு தொடக்கம் வந்தாலே, சிறிது நேரத்தில் திருப்பம் வரும் என்று எதிர்பார்த்துப் படியுங்கள். எப்போதும் வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

தடித்த எழுத்தில் இரண்டு பகுதிகளைக் காட்டி அவற்றின் பங்கு என்ன என்று கேட்பார்களே, அதற்கு?

பலரும் பயப்படுகிற வகை, எனக்குப் பிடித்த வகை. ஒரு சின்ன வாதம்:

"பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றினால் நெரிசல் குறையும் என்கிறது நகராட்சி. பழைய நிலையத்தைச் சுற்றித்தான் தினமும் வண்டிகள் தேங்குகின்றன. ஆனால் புதிய நிலையத்தில் இறங்குபவர்கள் ஊருக்குள் வர ஆட்டோவைத்தான் நம்ப வேண்டும். எனவே நெரிசல் தீராது, வேறு தெருவுக்கு இடம் மாறும்."

வண்டிகள் தேங்கும் வரியும் ஆட்டோ வரியும் தடித்த எழுத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முடிவைப் பிடியுங்கள். ‘எனவே’ போட்டுப் பொருந்துவது எது? கடைசி வரி. அதுதான் எழுதியவரின் கட்சி. அப்புறம் தடித்த ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டே கேள்விகள்: எந்தக் கட்சி? முடிவா, முட்டுக்கொடுப்பதா? வண்டிகள் தேங்குவது நகராட்சிக் கட்சிக்கு முட்டு. ஆட்டோ, எழுதியவர் கட்சிக்கு முட்டு. ஆக, "முதலாவது, வாதம் எதிர்க்கும் ஒரு நிலைப்பாட்டுக்கான ஆதாரம், இரண்டாவது, வாதத்தின் முடிவுக்கான ஆதாரம்" என்ற ஆப்ஷனைத் தேடுங்கள். ஆப்ஷனைப் படிக்கும் முன்பே இதைத் தாளில் கிறுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த நீள நீள வாக்கியங்கள் உங்களைத் தங்கள் வழிக்கு இழுத்துப் போய்விடும்.

கவனியுங்கள், எழுதியவர் வண்டிகள் தேங்குவதை மறுக்கவில்லை. ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட உண்மை என்பதால் அது அவர் கட்சி ஆகிவிடாது.

பேசேஜில் ஒரு வாக்கியத்தைக் கிளிக் செய்யச் சொல்கிறார்களே?

அதுவும் இதே விஷயம், தலைகீழாக. வேலையைச் சொல்லி, அதைச் செய்யும் வாக்கியத்தைக் காட்டச் சொல்கிறார்கள். பேசேஜ் பல பத்திகள் கொண்டதாக இருந்தால், எந்தப் பத்தியில் தேடுவது என்பதையும் சுட்டிவிடுவார்கள். வினைச்சொல் குறிப்பு எழுதி வைத்திருந்தால் பத்து விநாடி வேலை.

மூன்று ஆப்ஷன் கொடுத்து, பொருந்துவதெல்லாம் தேர்ந்தெடு என்பது?

ஒன்று மட்டும் சரியாக இருக்கலாம், மூன்றும் சரியாக இருக்கலாம். பாதி சரிக்குப் பாதி மார்க் கிடையாது. ஒவ்வொன்றையும் தனியாக, சரி தப்பு என்று பாருங்கள். ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம்.

பேசேஜின் பொருளே புரியவில்லை. நான் மெக்கானிக்கல், பேசேஜோ பெண்ணிய இலக்கியம். என்ன செய்வது?

அப்போது உங்களுக்குக் கைகொடுப்பதே அமைப்புக் கேள்விதான். மீசோசாரஸ் பல்லியா மீனா என்று தெரியாமலேயே மேலே விடை போட்டோமே! அதற்குத் தேவையான எல்லாமே பேசேஜுக்குள் இருக்கும். சொல்லப்போனால் துறை தெரிந்தவர்களுக்குத்தான் ஆபத்து. பயோடெக் படித்த மாணவி ஒருவர் மரபணு பற்றிய பேசேஜில் நான்குக்கு மூன்று தப்பாகப் போட்டார். பேசேஜில் இல்லாத, ஆனால் பாடத்தில் படித்த உண்மையைக் கொண்டு விடை எழுதியிருந்தார்.

கேள்வியை முதலில் படிப்பதா, பேசேஜை முதலில் படிப்பதா?

ஒரே கேள்வி உள்ள குட்டிப் பேசேஜுக்குக் கேள்வியை முதலில் படியுங்கள். மூன்று நான்கு கேள்விகள் உள்ள நீளப் பேசேஜுக்குப் பேசேஜை முதலில். திரையில் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் தெரியும் என்பதால், எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவது நேர விரயம்.

குறிப்பு எழுத நேரம் இருக்குமா?

கணக்குப் போட்டால் கேள்விக்கு ஒன்றரை நிமிடம் வருகிறது. சொல் நிரப்பும் கேள்விகளைச் சீக்கிரம் முடித்தால் பேசேஜுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்கும். குறிப்பு என்றால் வாக்கியம் எழுதுவதில்லை. "கொள்கை, ஆதா, மறுப்பு, +திருத்தம்" போதும். தமிழில் எழுதினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. தேர்வு மையத்தில் கிறுக்கத் தாள் தருவார்கள். வீட்டிலிருந்து எழுதினால் சாதாரணத் தாளுக்கு அனுமதி இல்லை. சின்ன வெள்ளைப்பலகை, அல்லது கண்ணாடி உறைக்குள் வைத்த தாள், அழிக்கக்கூடிய மார்க்கர். அந்த மார்க்கரில் எழுதி ஒரு வாரமாவது பழகுங்கள். பேனாவில் எழுதியே பழகிய கைக்குத் தேர்வன்று அது வழுக்கும்.

சிக்கிக்கொண்டால் ஒன்றைத் தேர்ந்து, ‘மார்க்’ செய்துவிட்டு நகருங்கள். அந்தப் பகுதி முடியும்வரை திரும்பி வரலாம். தப்புக்கு மார்க் குறைப்பதில்லை, எனவே எதையும் காலியாக விடாதீர்கள்.

எதை வைத்துப் பயிற்சி செய்வது?

தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே ‘பவர்பிரெப்’ என்ற பெயரில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. அவற்றைக் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை, தினம் ஒரு தமிழ் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரு வினைச்சொல் எழுதுங்கள். தமிழில் வராத பழக்கம் ஆங்கிலத்தில் வராது. இதைச் சொன்னால் மாணவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் தமிழ் வழியில் படித்தவர்கள் இதைச் செய்து பார்த்துவிட்டு வேகமாக முன்னேறியதைப் பார்த்திருக்கிறேன். நடுப்பக்கம் பழகியதும் ஆங்கில நாளிதழின் தலையங்கத்துக்குப் போகலாம்.

இதே முறை ஐஐஎம் எம்பிஏ சேர்க்கைக்கான கேட் (CAT), அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுகளுக்கும் உதவுமா?

உதவும், சில மாற்றங்களோடு. அமெரிக்காவில் 2024 மார்ச்சிலிருந்து முழுக்கக் கணினிக்கு மாறிய எஸ்ஏடியில் பேசேஜ்கள் 25 முதல் 150 சொற்கள்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி. உரையின் மொத்த அமைப்பு என்ன என்று நேரடியாகவே கேட்பார்கள். மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட்டில் தடித்த எழுத்துக் கேள்வி, பேசேஜ் பகுதியில் வராமல் வாதங்களை ஆராயும் பகுதியில் வரும்.

கேட் தேர்வில் பேசேஜ் நீளம், அதோடு தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும். அதனால் இரண்டு ஆப்ஷனுக்கு நடுவில் ஊசலாடும்போது ஜிஆர்இ தைரியம் அங்கே செல்லாது. அங்கே கலைத்துப்போட்ட நான்கு வாக்கியங்களை வரிசைப்படுத்தச் சொல்வார்களே, அதுவும் மாறுவேடத்தில் வரும் அமைப்புக் கேள்விதான். எது கொள்கை, எது மறுப்பு, எது திருத்தம் என்று பெயரிட்டுவிட்டால் வரிசை தானாக வரும். அந்தக் கேள்விக்கு விடையை எண்ணாகத் தட்ட வேண்டும், தப்பினாலும் மார்க் குறையாது.